வைப்ரட்டோவுக்கு ‘சுர அசைவு’

நண்பர்களுக்கு வணக்கம்.

கிட்டார் இசைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், வைப்ரட்டோவுக்கு (ஒரு சுரத்தை மேலும் கீழும் சிறிதாக அசைத்து ஒலிப்பது) ‘நடுக்கம்’, ‘அதிர்வு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. ஸ்ட்ரிங் பெண்டிங்குக்கு (தந்தியை விரலால் தள்ளிச் சுரத்தை ஏற்றுவது) ‘தந்தி வளைப்பு’ போதும் என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங் பற்றி நான் எழுதும் கட்டுரையில் இச்சொற்கள் வரிக்கு வரி தேவைப்படுவதால், அவர் கையை வைத்தே சொல்கிறேன்.

கிங் 1925-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். 1946-இல் மெம்ஃபிஸ் போய், தாய்வழி உறவினரான புக்கா வைட்டோடு தங்கினார். புக்கா வைட், தந்திகளின்மேல் உலோகத்தை ஓட்டி வாசிப்பவர். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை ஓட்டுவதுபோல, சுரம் விட்டுவிடாமல் வழுக்கிக்கொண்டே போகும். அந்த ஒலிமேல் கிங்குக்குத் தீராத ஆசை, ஆனால் அந்த வாசிப்பு மட்டும் கைக்குப் படியவே இல்லை. அதனால் வெறும் விரலாலேயே அதைப் பிடிக்கப் பார்த்தார். உலகம் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் ஒலி அங்கிருந்து வந்ததுதான்.

பழைய நிகழ்ச்சிப் பதிவு எதையாவது எடுத்து அவர் இடது கையை மட்டும் பாருங்கள். சுட்டுவிரல் நுனி தந்தியை அழுத்தியிருக்கும். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை விட்டு விலகிவிடும். மற்ற விரல்கள் விரிந்து, கை மொத்தமும் பட்டாம்பூச்சிச் சிறகுபோலப் படபடக்கும். இதையா நடுக்கம் என்பது? நடுக்கம் குளிரிலும் பயத்திலும் தானாக வருவது. இது அவர் நினைத்த இடத்தில் தொடங்கி, நினைத்த இடத்தில் நிற்பது. ‘அதிர்வு’ இயற்பியலுக்குப் போய்விட்ட சொல். மீட்டினால் எந்தத் தந்தியும் அதிரத்தான் செய்யும்.

கர்நாடக இசையில் சுரத்தை அசைக்கும் கமகங்களில் ஒன்றான ‘கம்பிதம்’ இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் கமகம் ராகத்தின் இலக்கணத்தோடு சேர்ந்தது. கிங்கின் கைவேலை அவருடைய கையெழுத்து மாதிரி. நம் பாட்டு வாத்தியார்கள் ‘அந்தச் சுரத்தைக் கொஞ்சம் அசைத்துப் பாடு’ என்பார்களே, அந்தச் சொல்லே போதும்: சுர அசைவு. குரலுக்கும் வயலினுக்கும்கூடப் பொருந்தும்.

அடுத்தது பெண்டிங். தந்தியை மெட்டின்மேல் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடுகிறது, சுரம் ஏறுகிறது. விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். வளைத்த கம்பி வளைந்தே கிடக்கும், அதனால் ‘வளைப்பு’ ஒட்டவில்லை. வீணைக்காரர்கள் ‘இழுத்து வாசி’ என்கிறார்கள். ‘இழுப்பு’ என்று தனியாகச் சொன்னால் மூச்சிரைப்பு நோய். ‘கம்பி இழுப்பு’ என்றால் பட்டறை வேலை. ஆகவே ‘தந்தி இழுப்பு’ என்று சேர்த்தே சொல்வோம்.

பேண்ட் லீடருக்குக் ‘குழுத்தலைவர்’ சரிதான், அதில் விவாதம் வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் இதே கைதான் இருக்கிறது. பாடிக்கொண்டே வாசிக்க வராது, கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) வாசிப்பதும் வராது என்று கிங்கே வெளிப்படையாகச் சொன்னவர். ஒரு வரி பாடி நிறுத்துவார், லூசில் என்று பெயரிட்ட கிட்டார் பதில் சொல்லும். அடியில் தாளத்தையும் கார்டையும் தாங்க பியானோ, டிரம்ஸ், ஊதுகருவிகள் எல்லாம் வேண்டியிருந்தன. அப்படிப்பட்ட குழுவைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு 1956-இல் மட்டும் 342 நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறார். 1964-இல் சிகாகோ ரீகல் அரங்கில் பதிவான நிகழ்ச்சியைக் கேட்டால் குரலும் கிட்டாரும் மாறிமாறிப் பேசுவது தெளிவாகத் தெரியும்.

கட்டுரையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘வரியின் கடைசிச் சொல்லைப் பாடி முடித்ததும், தந்தியை இழுத்து அதே சுரத்தைத் தொட்டு, நின்று அசைத்தார்.’ வினையாகவும் தடங்கல் இல்லாமல் வருகிறது.

அப்புறம், புக்கா வைட்டின் ஸ்லைடு வாசிப்புக்கு ‘சறுக்கு வாசிப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘வழுக்கு’ நல்லதா ‘சறுக்கு’ நல்லதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. கோட்டுவாத்தியம் வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பேச்சில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.