‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’: 15 ஆயிரம் டாலர் படம், 19 கோடி டாலர் வசூல். இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

தரை டிக்கெட் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரித் திரைப்படச் சங்கத்தின் காலாண்டிதழுக்காகப் பேய்ப்படங்களின் வசூலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு 2009 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவில் வெளியான ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்துக்கொண்டேன். வீடியோ கேம் நிரலாளராக இருந்த ஓரன் பெலி, சான் டியாகோவில் தாம் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே, ஏழு நாள்களில், ஏறத்தாழ 15 ஆயிரம் டாலர் செலவில் எடுத்த அந்தப் படம் உலகெங்கும் 19.3 கோடி டாலர் வசூலித்தது. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 12,900 மடங்கு வருகிறது. ஆகவே ‘போட்டது ஒன்று, எடுத்தது பதின்மூவாயிரம்’ என்று கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டேன்.

படித்துப் பார்த்த பேராசிரியர், “இது வசூல் கணக்கா, லாட்டரிச் சீட்டு விளம்பரமா?” என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே பிழை என்று அவர் சொல்லவில்லை. செலவும் வசூலும் சரியாக இருக்கும்போது வகுத்துச் சொல்வதில் என்ன தவறு? ஒரு பேய்ப்படம் ஓடியதா, ஓடவில்லையா என்று தீர்மானிக்க, தொழிலில் இருப்பவர்கள் எந்த எண்ணைப் பார்ப்பார்கள்?

—

பழைய ரெப்:

தம்பி, உங்கள் பேராசிரியர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நான் ஒரு விநியோக அலுவலகத்தின் பிரதிநிதியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் திரையரங்குகளில் டிக்கெட் கட்டுகளை எண்ணி, இரவு செகண்ட் ஷோ முடிந்ததும் டி.சி.ஆர். எனப்படும் அன்றாட வசூல் அறிக்கையை எழுதி அனுப்பியவன். அமெரிக்காவில் வேலை பார்த்தவன் அல்லன் என்றாலும், மொத்த வசூலுக்கும் கைக்கு வரும் ஷேருக்கும் உள்ள தூரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நீங்கள் சொல்லும் 19.3 கோடி, பார்வையாளர்கள் கவுன்ட்டரில் கொடுத்த பணம். அதில் அமெரிக்கா, கனடாவின் பங்கு ஏறத்தாழ 10.8 கோடி, மற்ற நாடுகளின் பங்கு 8.5 கோடி. உள்நாட்டில் சுமார் பாதியும், வெளிநாடுகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடும் படத்தை வெளியிட்ட நிறுவனத்துக்குத் திரும்பும் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வந்தது 9 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் உங்கள் தலைப்பில் உள்ள பதின்மூவாயிரத்தில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். 15 ஆயிரம் என்பது படம் பிடித்த செலவு மட்டுமே. அதன்பின் செய்த வேலைகளையும் சேர்த்தால் 2 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. ஹாலிவுட் நிறுவனமான பாரமவுண்ட் அந்தப் படத்தை ஏறத்தாழ மூன்றரை லட்சம் டாலருக்கு வாங்கியது. அப்போது பெரும்பாலான அரங்குகளுக்கு இன்னும் ஃபிலிம் பிரதிதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிரதிக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாது. ஐந்தாம் வாரம் படம் 1,945 திரையரங்குகளில் ஓடியது என்றால், விளம்பரத்தைத் தொடாமலே, பிரதி போட்டுப் பெட்டி அனுப்பிய செலவு மட்டும் படப்பிடிப்புச் செலவைப் போல நூறு மடங்குக்கு மேல் போயிருக்கும்.

ஆக, 15 ஆயிரத்தைச் செலவிட்டவர் ஒருவர், 19 கோடியை வசூலித்தவர்கள் வேறு பலர். ஒருவருடைய செலவால் இன்னொருவருடைய வரவை வகுத்துக் கிடைத்த எண்ணைத்தான் நீங்கள் தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். படம் பெரும் லாபம் கொடுத்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த லாபத்தின் அளவை இந்த எண் காட்டாது என்பதுதான் என் பேச்சு.

—

நள்ளிரவுக் காட்சி:

அந்தப் படம் முதலில் வெளியானபோது நான் விஸ்கான்சினில் உள்ள மாடிசன் நகரில் முதுநிலை மாணவனாக இருந்தேன். முதல் வாரத்தில் படம் திரையிடப்பட்ட பத்துப் பன்னிரண்டு கல்லூரி நகரங்களுள் அதுவும் ஒன்று. பகலில் காட்சி கிடையாது; நள்ளிரவுக் காட்சி மட்டுமே.

படுக்கையின் கால்மாட்டில் நிறுத்திய கேமரா அசையாமல் அறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரையின் கீழ் மூலையில் கடிகார எண்கள் ஓடும். அந்த எண்கள் விரைந்து ஓடிச் சட்டென்று சாதாரண வேகத்துக்கு வரும்போது, ஏதோ நடக்கப் போகிறது என்று அரங்கம் கற்றுக்கொண்டுவிட்டது. படத்தில் வரும் நான்காவது இரவுக்குள், எண்கள் வேகம் குறைந்த உடனேயே பாப்கார்ன் பையில் கையை விடும் சத்தம்கூட நின்றுபோனது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், முன்பின் அறியாதவர், என் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு படம் முடியும்வரை விடவில்லை. அன்றிரவு நானும் என் அறைத்தோழனும் நடைவிளக்கை அணைக்காமல் படுத்தோம். மாதக் கடைசியில் மின்கட்டணத்தைப் பங்கிடும்போதும் அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

வசூலுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். படத்துக்கென ஓர் இணையப் பக்கம் இருந்தது. எங்கள் ஊருக்கு இந்தப் படம் வேண்டும் என்று எவரும் அதில் பதியலாம். பத்து லட்சம் பேர் கேட்டால் நாடு முழுவதும் வெளியிடுவோம் என்று பாரமவுண்ட் அறிவித்திருந்தது. அக்டோபர் 10 வாக்கில் அந்த எண் எட்டப்பட்டது. முன்னோட்டத்திலும் படத்தின் காட்சிகளைக் காட்டிலும், இருட்டில் உட்கார்ந்து அலறும் பார்வையாளர்களின் முகங்களையே அதிகம் காட்டினார்கள். அவ்வாறாக, எந்த ஊரில் கூட்டம் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அந்த ஊருக்குப் படத்தை அனுப்பினார்கள். எங்கள் ஊரில் டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய என் வகுப்பு நண்பர்கள் மறுவாரம் எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றார்கள்.

—

கணக்குப்பிள்ளை:

முந்தைய இருவரும் சொன்னதை வார வாரியாக எண்களில் வைத்துப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். கீழே உள்ளவை வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான உள்நாட்டு வசூல்.

முதல் வாரம் 12 திரையரங்குகளில் ஏறத்தாழ 78 ஆயிரம் டாலர். இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் திரையரங்குக்கு 6,500 டாலர் வீதம் வருகிறது. அந்த ஆண்டின் சராசரி டிக்கெட் விலை 7.50 டாலர் என்பதால், ஒரு திரையரங்கில் 850 பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நள்ளிரவுக் காட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்ணை எட்ட வேண்டுமானால் அரங்கு நிரம்பி வழிந்திருக்க வேண்டும். இரண்டாம் வாரம் 33 திரையரங்குகளில் 5.3 லட்சம். மூன்றாம் வாரம் 160 திரையரங்குகளில் 79 லட்சம், அதாவது திரையரங்குக்கு 49 ஆயிரம் டாலருக்கு மேல். அங்கே திரையரங்கு என்பது பல திரைகள் கொண்ட வளாகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வளாகத்திலும் மூன்று நாளில் 6,500 பேர் என்பது மிரள வைக்கும் எண். நான்காம் வாரம் 760 திரையரங்குகள், 1.96 கோடி. ஐந்தாம் வாரம் 1,945 திரையரங்குகள், 2.11 கோடி.

அந்த ஐந்தாம் வாரத்தில்தான் ‘சா’ (Saw) என்ற திகில்பட வரிசையின் ஆறாம் படம் புதிதாக வந்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பாகம் வெளியிட்டு அந்த மாதத்தையே பட்டா போட்டு வைத்திருந்த வரிசை அது. முந்தைய ஆண்டு ஐந்தாம் பாகம் முதல் மூன்று நாளில் 3 கோடி டாலர் எடுத்திருக்க, ஆறாம் பாகம் 1.41 கோடியோடு இரண்டாம் இடத்தில் நின்றது. ஐந்து வாரமாக ஓடிக்கொண்டிருந்த படம் முதலிடத்துக்கு ஏறியது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் உங்கள் கட்டுரையில் சேருங்கள். 2012 ஜனவரியில் அதே பாரமவுண்ட், அதே போல, பாத்திரங்களே கைக்கேமராவில் எடுத்தது போன்ற பாணியில் அமைந்த ‘தி டெவில் இன்சைட்’ படத்தை வெளியிட்டது. படச் செலவு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். முதல் மூன்று நாள் வசூல் 3.37 கோடி. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் படம் பாதியில் அறுந்ததுபோல முடிந்து, மீதியை அறிய ஓர் இணையதளத்துக்குப் போகச் சொல்லியதால் பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். அரங்க வாசலில் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்குக் கிடைத்தது ஆகக் கடைசி மதிப்பெண்ணான ‘எஃப்’. அடுத்த வாரம் வசூல் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே, 79 லட்சத்துக்கு விழுந்தது. உள்நாட்டில் மொத்தமே 5.33 கோடி.

அதே 79 லட்சம் என்ற எண் இரண்டு படங்களுக்கும் வருவதைக் கவனியுங்கள். ஒன்று ஏறும்போது தொட்ட படி, மற்றது இறங்கும்போது மிதித்த படி. செலவோடு வகுத்துப் பார்த்தால் இரண்டுமே மாபெரும் வெற்றிகள்தாம். போட்ட பணத்தை ‘தி டெவில் இன்சைட்’டும் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே ‘மடங்கு’ என்ற அளவுகோலுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாது. வாரத்துக்கு வாரம் வசூலும் திரையரங்குச் சராசரியும் எப்படி நகர்கின்றன என்பதுதான் காட்டும்.

—

தரை டிக்கெட்:

மூவருக்கும் நன்றி. தலைப்பை எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இந்தப் படத்தின் அடுத்த பாகங்கள் முதல் மூன்று நாளிலேயே மிகப் பெரிய தொகையை எடுத்திருக்கின்றனவே? இரண்டாம் பாகம் 4.07 கோடி, மூன்றாம் பாகம் 5.26 கோடி. முதல் படத்தைவிட இவை நன்றாக ஓடின என்று சொல்லலாமா?

—

கணக்குப்பிள்ளை:

நன்றாகத் தொடங்கின என்று சொல்லலாம். இரண்டாம் பாகத்தின் உள்நாட்டு மொத்தம் 8.48 கோடி; மூன்றாம் பாகம் 10.4 கோடி. இரண்டுமே தொடக்க வசூலை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக்கொண்டு நின்றுவிட்டன. பேய்ப்படத் தொடர்களுக்கு இது வழக்கமான நோய்: அச்சத்தை விரும்புபவர்கள் முதல் நாளே வந்துவிடுவார்கள், அவர்கள் போய்ச் சொல்லிப் புதிதாக வருபவர்கள் குறைவு. நான்காம் பாகம் 2.9 கோடியில் தொடங்கி 5.39 கோடியில் முடிந்தது. 2015இல் வந்த ‘தி கோஸ்ட் டைமென்ஷன்’ 81 லட்சத்தில் தொடங்கி 1.83 கோடியில் படுத்தது.

—

பழைய ரெப்:

அந்த 2015ஆம் ஆண்டுப் படத்தைப் பொறுத்தவரை கணக்குப்பிள்ளை அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதன் வீழ்ச்சியைப் பார்வையாளர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. படம் ஓடும் திரையரங்குகளின் எண்ணிக்கை 300க்குக் கீழே இறங்கியதிலிருந்து 17 நாள்களில் அதை இணையவழி விற்பனைக்கு விடப் போவதாகப் பாரமவுண்ட் அறிவித்தது. ஏ.எம்.சி. போன்ற சில திரையரங்கு நிறுவனங்கள் அதற்கு இணங்கின. மற்றப் பெரிய நிறுவனங்கள் சில, படத்தைப் போடவே மறுத்துவிட்டன. இரண்டு முதல் நான்கு வரையிலான பாகங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட திரையரங்குகளில் வந்திருக்க, இது 1,656இல்தான் வந்தது. தொடர் சோர்ந்துபோயிருந்தது என்பது உண்மையே. ஆனால் பாதிக் கடையை மூடி வைத்துவிட்டு விற்பனை பாதியாகிவிட்டது என்று எழுதினால், அதைப் படிக்கும் திரையரங்கு உரிமையாளர் சிரிப்பார். உலக அளவில் அந்தப் படமும் 7.8 கோடி எடுத்தது. செலவு 1 கோடி.

—

கணக்குப்பிள்ளை:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் திரையரங்குக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 4,900 டாலருக்கு மேல் தேறவில்லையே ஐயா. கடை திறந்திருந்த இடத்திலும் கூட்டம் இல்லை.

—

தரை டிக்கெட்:

இப்போது கட்டுரையின் நடுவில் ஒரே ஒரு வரிசையை மட்டும் போட்டிருக்கிறேன்: 12, 33, 160, 760, 1,945. பக்கத்திலேயே அந்தந்த வாரத்தின் திரையரங்குச் சராசரி. நாளை பேராசிரியரிடம் கொடுக்கிறேன்.

—

பழைய ரெப்:

ஆறாம் வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அக்டோபர் 31இல் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் வார இறுதி. திரையரங்குகள் 2,404 ஆகக் கூடின, வசூலோ 1.64 கோடியாகக் குறைந்தது, திரையரங்குச் சராசரி 7 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. என்னைப் போன்றவர்கள் அந்த வாரத்துச் சீட்டைப் பார்த்துத்தான், இனிப் புதிதாகப் பெட்டி அனுப்ப வேண்டாம் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வோம்.