மாலை வேன் நேரம்: சிறப்புப் பள்ளி நடத்துவோரிடம் ஒரு கேள்வி

வணக்கம். பெங்களூரு அல்சூரில், நடத்தைச் சிக்கல்கள் உள்ள 32 பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளியொன்றில் 14 ஆண்டுகள் வகுப்பாசிரியையாக இருந்துவிட்டு, கடந்த ஜூனில் தலைமையாசிரியை ஆனேன். மாலை 3 மணிக்கு வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும், ஆட்டிசம் உள்ள 11 வயது மாணவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டுகிறான். யாராவது நெருங்கினால் அவர்களுடைய முன்கையைக் கடித்துவிடுகிறான். ஆகஸ்டிலிருந்து இரண்டு ஆசிரியைகள் விலகிவிட்டனர்.

ஒவ்வொரு முறையும் முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஆறு வாரங்கள் குறித்துப் பார்த்ததில், ஹாரன்தான் தூண்டுகோல் என்பது உறுதியானது. அடுத்து என்ன நடக்கும் என்று படங்களால் காட்டும் பட அட்டவணை வைத்தோம். சத்தம் கேட்காமலிருக்கக் காதுமூடி மாட்டினோம், அதைப் பிய்த்தெறிந்தான். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பியது ஒன்பது நாள் பலித்தது. பத்தாம் நாள் அவனுடைய வேன் போக்குவரத்து நெரிசலில் சிக்கியதால், வாசலில் காத்திருந்தது முன்னைவிட மோசமாக முடிந்தது. இங்குள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் காட்டி மருந்தும் மாற்றியாயிற்று. கைகளைப் பிடித்து அடக்கச் சொல்கிறது நிர்வாகம். அதற்கு நான் உடன்படவில்லை. விலகியவர்களுக்குப் பதிலாகத் தேடினால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர்களோ, சம்பளத்தைக் கேட்டபின் மறுபடி அழைப்பதில்லை.

இரண்டே ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பிடித்து அடக்காமல், பள்ளி விடும் நேரத்தை உங்கள் பள்ளியில் எப்படி நடத்துகிறீர்கள்?