ரீஃப் (பவளம் வளர்க்கும் கடல்நீர்) தொட்டித் தண்ணீர் ஒரே ராத்திரியில் வெள்ளையாகிவிட்டது, அவசர உதவி தேவை

கடல்குருவி (சிங்கப்பூர்), ஞாயிறு காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது மூன்றடித் தொட்டி, சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்த்து சுமார் 220 லிட்டர். வைத்து 14 மாதம் ஆகிறது. நேற்று இரவு விளக்கு அணையும்போது லேசாக மங்கலாக இருந்தது, கண்ணாடியில் பாசி படிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்று எழுந்து பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை.

இரண்டு க்ளவுன் மீனும் ரிட்டர்ன் குழாய் வாயருகே மேலேயே நின்று வேகவேகமாக மூச்சு விடுகின்றன. ராயல் கிராமா மீனைக் காணோம். ஹேமர் கோரல் என்கிற பவளம் முழுக்கச் சுருங்கிவிட்டது.

உப்பு (அடர்த்தி) 1.025, வெப்பம் 26.5, ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்த கார்பனேட் அளவு) 8.2, கால்சியம் 420, அம்மோனியா இல்லை. வெள்ளிக்கிழமை ஆல்கலினிட்டி கரைசலைக் கையால் ஊற்றினேன், அதுதான் கால்சியத்தோடு சேர்ந்து தூளாகத் திரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றிவிடட்டுமா? 30 லிட்டர்தான் தயாராக இருக்கிறது, மீதிக்குக் குழாய்த் தண்ணீரில் உப்பு கலக்கலாமா?

பவளக்கொடி, காலை 7:24

தம்பி, தண்ணீர் மாற்றுவது அப்புறம். முதலில் காற்று. ஏர் பம்ப் இருந்தால் இப்போதே ஏர் ஸ்டோனை (காற்றுக்குமிழி விடும் கல்) போடுங்கள். இல்லையென்றால் வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி, மேல்மட்டம் கொதிக்கிற மாதிரி கலங்க விடுங்கள். தொட்டிக்கு மூடி இருந்தால் எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். 26 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் 7-ஐக்கூடத் தொடாது. ராத்திரி முழுக்கக் கோரலும் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இருக்கும், தராது. அதனால்தான் விடியற்காலையில் மீன் மேலே வந்து நிற்கிறது. தண்ணீர் வெள்ளையாக இருப்பதால் மீன் சாகாது, மூச்சு முட்டித்தான் சாகும்.

குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமின் இருக்கிறது, வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தாலும் அது குளோரின் மாதிரி பறந்துபோகாது.

உப்புக்காற்று, காலை 7:40

அக்கா சொன்னதைச் செய்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து மேசை மேல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழி, பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது. தெளியவில்லை என்றால் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டுக் கலக்குங்கள். ஆல்கலினிட்டியும் கால்சியமும் மோதித் திரிந்திருந்தால் அது சுண்ணாம்புத் தூள், வினிகரில் கரைந்து தண்ணீர் தெளிந்துவிடும். அதற்கும் அசையாமல் மங்கலாகவே நின்றால் பாக்டீரியா. இதைத் தொட்டியில் செய்யாதீர்கள், டம்ளரில் மட்டும்.

எனக்கு உங்கள் அளவுகளைப் பார்த்தால் திரிந்த மாதிரித் தோன்றவில்லை. அப்படித் திரிந்திருந்தால் ஆல்கலினிட்டி சட்டென்று இறங்கியிருக்கும், 8.2-இல் நிற்காது.

கடல்குருவி, காலை 8:15

ஏர் ஸ்டோன் போட்டு அரை மணி நேரம் ஆகிறது. க்ளவுன் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கின்றன, என் கைகால் நடுக்கம் இப்போதுதான் நின்றது. டம்ளர் பத்து நிமிடம் ஆகியும் தெளியவில்லை. வினிகர் விட்டேன், அப்படியேதான் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துகள் எதுவும் தெரியவில்லை, புகை மாதிரி இருக்கிறது.

பவளக்கொடி, காலை 8:22

அப்படியானால் பாக்டீரியாதான். அதற்குத் திடீரென்று எங்கிருந்தோ சாப்பாடு கிடைத்திருக்கிறது. இரண்டு விஷயம் கேட்கிறேன். ஏதாவது செத்துக் கிடக்கிறதா? நைட்ரேட் (கழிவிலிருந்து தண்ணீரில் சேருவது) குறைக்க வினிகர், வோட்கா என்று ஏதாவது ஊற்றுகிறீர்களா?

கடல்குருவி, காலை 8:41

ஆமாம் அக்கா, வினிகர். அதைச் சொல்லவே தோன்றவில்லை, மன்னியுங்கள். நைட்ரேட் 25-இலேயே நின்றதால் மூன்று வாரமாக ஊற்றுகிறேன். நாளுக்கு 10 மில்லி என்று ஆரம்பித்தேன். குறையவில்லை என்று போன திங்கட்கிழமை 20, வியாழன் முதல் 40. இன்னொன்று, ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக வெளியே தள்ளும் கருவி) கோப்பை வழிகிறது என்று வெள்ளி இரவு நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன்.

பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு டர்போ நத்தை கவிழ்ந்து கிடந்தது. எடுத்து முகர்ந்தால் குடலைப் பிரட்டுகிறது.

உப்புக்காற்று, காலை 8:55

சரி, கதை முழுதாகத் தெரிந்துவிட்டது. வினிகர் அந்தப் பாக்டீரியாவுக்கு நேரடிச் சாப்பாடு. அவை பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியே தள்ளும். அதுதான் இந்த முறையின் அடிப்படையே. நீங்கள் சாப்பாட்டை நாலு மடங்காக்கிவிட்டு வெளியேற்றும் வழியை அடைத்துவிட்டீர்கள். ஸ்கிம்மர் காற்றும் கலக்கும், அதுவும் சேர்ந்து போயிற்று. நத்தை கூடுதல் காரணம்தான்.

வினிகரை இன்றே நிறுத்துங்கள். ஸ்கிம்மரைப் போட்டு நுரை தண்ணியாகவே வழியும்படி வையுங்கள், கோப்பையை அடிக்கடி கொட்டுங்கள். இன்றும் நாளையும் மீனுக்குத் தீனி வேண்டாம். அந்த 30 லிட்டரை மாற்றலாம், தப்பில்லை, ஆனால் அதனால் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிச்சமிருப்பவை சில மணி நேரத்தில் பெருகி மறுபடி அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பாக்டீரியாவைக் கொல்லும் யு.வி. விளக்கு யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது.

தயவுசெய்து ஆன்டிபயாடிக் பக்கம் மட்டும் போகாதீர்கள். பாறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போனால் அடுத்த வாரம் அம்மோனியா ஏறிவிடும்.

வலம்புரி, காலை 10:30

இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தொட்டியும் போன மாதம் இதே மாதிரி வெள்ளையானது, ஆனால் மறுநாள் பம்ப் மேலெல்லாம் வெள்ளைத் தூள் படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. கால்க்வாசர் கலந்த டாப்-அப் (ஆவியான தண்ணீரை ஈடுசெய்யும் கருவி) சென்சார் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடியிருந்தது. அதுவும் இதுவும் ஒன்றா?

பவளக்கொடி, காலை 10:48

இல்லை, உங்களுடையதுதான் உண்மையில் திரிந்தது. கால்க்வாசர் வேறொன்றும் இல்லை, நாம் வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. அதிகம் போனால் பி.ஹெச். ஏறி, ஆல்கலினிட்டி சுண்ணாம்புத் தூளாகக் கீழே படிந்துவிடும். பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள், ஆல்கலினிட்டியை அளந்து மெதுவாக ஏற்றுங்கள்.

கடல்குருவி, செவ்வாய் இரவு 9:05

நேற்று மாலை பின்கண்ணாடி தெரிந்தது. இன்று காலை தண்ணீர் பளிச்சென்று ஆகிவிட்டது. ஸ்கிம்மர் கோப்பையை இந்த மூன்று நாளில் ஏழு தடவை கொட்டினேன். ராயல் கிராமா உயிரோடுதான் இருக்கிறது! இன்று மதியம் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியது. ஹேமர் பாதி விரிந்திருக்கிறது, அதில் ஒரு தலை (பவளத்தின் ஒரு கிளை நுனி) மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. நைட்ரேட் 10.

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வினிகரை எப்போது மறுபடி தொடங்கலாம்?

பவளக்கொடி, செவ்வாய் இரவு 9:30

கிராமா வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கே நிம்மதி. நைட்ரேட் 10 இருந்தால் எதற்கு அவசரம், ஹேமருக்கு அது நல்ல அளவுதான். இரண்டு வாரம் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். ஏறினால் 5 மில்லியில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்கிம்மர் ஓடாத நாளில் ஒரு சொட்டும் வேண்டாம். அந்த ஒரு தலையை நாளை பகலில் படம் எடுத்துப் போடுங்கள், சதை பழுப்பாகக் கரைகிறதா என்று பார்க்க வேண்டும்.