தங்கை மகனுக்கு வாடகை ஜாமீன்: கையெழுத்துப் போடலாமா?

எல்லோருக்கும் வணக்கம். தங்கை மகன் 3 நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுக்கிறான். வேலையில் சேர்ந்து 2 மாதம்தான் ஆகிறது. அதனால் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் வீடு என்கிறார் உரிமையாளர். "பேருக்கு ஒரு கையெழுத்துதான் மாமா" என்று பத்திரத்தை அனுப்பினான்.

படித்துப் பார்த்தால் அதில் பேருக்கு என்று எதுவும் இல்லை. வாடகை பாக்கி மட்டுமல்ல, வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கும் வழக்குச் செலவுக்கும் நான் பொறுப்பு. தொகைக்கு உச்சவரம்பே கிடையாது. அதைவிட உறுத்துவது ஒரு வரி: குடியிருப்பவர்கள் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பாம். அப்படியென்றால், நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பையன் வாடகை கட்டாவிட்டாலும் முழுப் பாக்கியையும் என்னிடம் கேட்கலாம், இல்லையா? ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலும் ஜாமீன் தொடரும் என்று வேறு இருக்கிறது.

பையன் நல்லவன், அதில் சந்தேகமே இல்லை. மறுத்தால் தங்கை மனம் நொந்துபோவாள். எனக்கு அது தாங்காது. ஆனால் என் வீட்டுக் கடனே இன்னும் முடியவில்லை.

இப்படி ஜாமீன் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவன் பங்குக்கு மட்டும், முதல் ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்க முடிந்ததா? ஒரு மாத வாடகை தவறினாலும் உடனே எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னால் உரிமையாளர் ஒத்துக்கொள்வாரா? இல்லை, ஜாமீனுக்குப் பதிலாகக் கூடுதல் முன்பணம் கொடுத்துவிடுவது நல்லதா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.