களக்காட்டுத் தோட்டத்திற்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ்: பெட்ரோலா, டீசலா?

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டிற்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஆனால் கடைசிப் பகுதி வாய்க்கால் கரையும் ஓடைப் படுகையுமாக இருப்பதால், ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் சாதாரண கார் உள்ளே வராது. இதுவரை ஒரு பழைய ஜீப் இந்த வேலையைப் பார்த்து வந்தது. இப்போது பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மதுரைக்கோ திருவனந்தபுரத்திற்கோ சிரமமில்லாமல் போய்வரக்கூடிய, அதே சமயம் தோட்டத்திற்கும் இறங்கக்கூடிய ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வாங்க முடிவு செய்திருக்கிறோம்.

தோட்டத்திற்கு நாள்தோறும் காலையும் மாலையும் போய்வர வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர் வேலைகள் அவ்வப்போது வரும். மாதத்தில் ஓரிரு முறை நெடும்பயணம் உண்டு. எல்லாம் சேர்த்து மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் என்று நினைக்கிறேன்.

ஷோரூமில் டீசல்தான் இழுவைக்கு ஏற்றது என்கிறார்கள். என் மைத்துனரோ, புதிய டீசல் வண்டிகளில் புகைவடிகட்டி அடைத்துக்கொண்டு தொல்லை தருகிறது, பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டவும் விடமாட்டார்கள், பெட்ரோலே வாங்குங்கள் என்று உறுதியாகச் சொல்கிறார். இரண்டு பேச்சிலும் எவ்வளவு உண்மை, எங்கள் ஓட்டத்திற்கு எது பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பாளை பணிமனை எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. எரிபொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நம் நாட்டுச் சந்தையில் என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் பாதி முடிவைக் கம்பெனிகளே எடுத்து வைத்திருக்கின்றன. ஸ்கார்ப்பியோ-என் வண்டியில் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது, ஆனால் ஃபோர் வீல் டிரைவ் டீசலோடு மட்டுமே வருகிறது. ஐந்து கதவுள்ள தார் ராக்ஸிலும் அதே கதை. டொயோட்டா ஃபார்ச்சூனரின் 2.7 லிட்டர் பெட்ரோல் பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் 2.8 லிட்டர் டீசலுக்குத்தான் போக வேண்டும். பெட்ரோலோடு, ஊர்ந்து ஏறுவதற்கான லோ ரேஞ்ச் என்னும் கூடுதல் தாழ்கியரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் கேட்டால், விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிகளை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, மூன்று கதவுத் தாரும் ஜிம்னியும்தான் மிஞ்சுகின்றன. அவை இரண்டும் நான்கு பேருக்கான வண்டிகள். ஆகவே உங்கள் முன் உள்ள கேள்வி, பெரிய வண்டி வேண்டும் என்பதற்காக டீசலின் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்வதா, பெட்ரோல் வேண்டும் என்பதற்காக வண்டியின் அளவைக் குறைத்துக்கொள்வதா என்பதுதான்.

உங்கள் மைத்துனர் சொல்லும் வடிகட்டித் தொல்லை உண்மையானது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்னும் புகை மாசு விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிடித்து வைத்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு அந்த வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும்; நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீராக இருபது நிமிடம் ஓடினால் அது தானாக நடந்து முடிந்துவிடும். எட்டுக் கிலோமீட்டர் ஓடி, அதிலும் பாதியை இரண்டாம் கியரில் ஊர்ந்து, என்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைத்துவிடும் ஓட்டத்தில் இது நடக்காது. எரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றால், வடிகட்டியைச் சூடாக்குவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும், விரலில் தொட்டுப் பார்த்தால் வழவழப்பு குறைந்து தண்ணீர்போல் ஓடும். அந்த ஆயிலோடு ஓட்டினால், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் பேரிங்கும் தேய்ந்துபோகும். என் பணிமனைக்கு வரும் வண்டிகளில், ஊருக்குள்ளேயே ஓடுபவற்றில்தான் இதைப் பார்க்கிறேன். வாரந்தோறும் நெடுஞ்சாலை பார்க்கும் வண்டிகளில் மிக அரிது.

இனிப் பணக் கணக்கு. பெரிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் நம் சாலைகளில் லிட்டருக்கு 11 கிலோமீட்டரும், டர்போ பெட்ரோல் 8 கிலோமீட்டரும் கொடுப்பதாகக் கொள்வோம். டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால், 800 கிலோமீட்டருக்கு டீசலில் 6,800 ரூபாயும் பெட்ரோலில் 10,200 ரூபாயும் ஆகும். ஆண்டுக்கு நாற்பதாயிரம் மிச்சம். இது நல்ல தொகைதான், ஆனால் டீசல் வண்டியின் கூடுதல் விலையை முதலில் அதிலிருந்து கழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வண்டி விலை 20 லட்சத்தைத் தாண்டினால் வாழ்நாள் சாலை வரி 18 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டீசல் விலைக்கான அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கும் முன்பு இரண்டு எரிபொருளுக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னும் பலர் டீசல் வாங்குகிறார்கள். அந்த இடைவெளி இப்போது ஒன்பது ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

குடும்பம் முழுவதும் ஏற வேண்டும் என்பது உங்களுக்குக் கட்டாயம் என்றால் டீசலையே வாங்குங்கள். ஆனால் வாரம் ஒரு முறையாவது நாங்குநேரியில் நான்குவழிச் சாலை ஏறி, கியரை ஒன்று குறைத்து வைத்துக் காவல்கிணறு வரை போய்த் திரும்பும் வழக்கத்தை வண்டியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் டீசல் உங்களுக்கு ஆகாது.

குறுங்குடி மலைப்பாதை எழுதியது:

பாளை அண்ணாச்சி சொன்னவற்றோடு இழுவையைப் பற்றிச் சில சேர்க்க விரும்புகிறேன். திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்கு ஏறும் பாதையில் ஜீப் ஓட்டுபவன் நான். கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த ஏற்றத்தில் பழைய டீசல் ஜீப்புகளே காலங்காலமாக ஆட்களை ஏற்றிச் செல்வதால், டீசல்தான் மலை ஏறும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் வேரூன்றிவிட்டது. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினை வைத்துப் பார்த்தால் அது சரி. ஃபார்ச்சூனர் 2.7 பெட்ரோலின் டார்க், அதாவது முறுக்கு விசை, 245 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்திற்கு 4,000 சுற்று (ஆர்.பி.எம்.) அளவில், அதே வண்டியின் டீசல் ஆட்டோமேட்டிக் 500 நியூட்டன் மீட்டரை அதில் பாதிச் சுற்றுக்கும் குறைவிலேயே கொடுத்துவிடுகிறது.

டர்போ பெட்ரோல் வந்த பிறகு நிலைமை வேறு. மூன்று கதவுத் தாரில் 2 லிட்டர் பெட்ரோலும் 2.2 லிட்டர் டீசலும் மேனுவல் கியரில் ஒரே 300 நியூட்டன் மீட்டர்தான். பெட்ரோலில் அது 1,250 ஆர்.பி.எம். அளவிலேயே தொடங்குகிறது, டீசலில் 1,600 வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் மேலாக, லோ ரேஞ்சில் போட்டுவிட்டால் சக்கரத்திற்குப் போகும் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடுகிறது. ஆகையால் ஊர்ந்து ஏறும் இடத்தில் வண்டியை ஏற்றுவது லோ ரேஞ்சும் டயரும் ஓட்டுபவரின் பொறுமையும்தான். வாய்க்கால் கரைக்கும் ஓடைக்கும் இரண்டு என்ஜினும் தாராளமாகப் போதும்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. டீசலின் அழுத்த விகிதம் 16 அளவில் இருப்பதால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பார்கள். ஆனால் அழுத்தப்பட்ட காற்று திரும்ப விரியும்போது, எடுத்துக்கொண்ட விசையின் பெரும்பகுதியைப் பிஸ்டனுக்கே கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் என்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்றுப் பாதை மூடிக்கொள்வதால், உறிஞ்ச முடியாமல் உறிஞ்சுவதே ஒரு பிடிமானமாகிறது. எதுவானாலும் லோ ரேஞ்ச் முதல் கியரில் இறங்கினால் பிரேக்கை மிதிக்கும் தேவை மிகக் குறைவு. மேல் கியரில் இறங்கிப் பிரேக்கைச் சூடாக்குபவர்களுக்கு எந்த என்ஜினும் உதவாது.

டீசலுக்கு உண்மையான சாதகம் பாரத்தில் இருக்கிறது. உர மூட்டையோ வாழைக்குலையோ நிறைய ஏற்றினாலும், ஏழு பேர் உட்கார்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போனாலும், டீசலின் மைலேஜ் சற்றே குறையும். டர்போ பெட்ரோல் மளமளவென்று குடிக்கத் தொடங்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதையும் மறக்க வேண்டாம். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலந்த எரிபொருளில் ஆறேழு சதவீத ஆற்றல் முதலிலேயே போய்விடுகிறது. டீசலில் லிட்டருக்கு உள்ள ஆற்றலோ பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்திற்கு மேல் கூடுதல்.

உடன்குடி விளை எழுதியது:

எங்கள் பக்கம் தேரி என்னும் செம்மணல். பனை விளைகளுக்குள் வண்டி போவதென்றால் சக்கரம் விடாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் அச்சு வரை புதைந்துவிடும். சீக்கிரம் சுற்று ஏறுவதாலும் முன்பக்க எடை குறைவாக இருப்பதாலும் மணலில் எனக்குப் பெட்ரோல் தாரே பிடித்திருக்கிறது. எந்த வண்டியானாலும் டயர் காற்றை 16, 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்காமல் தேரிக்குள் நுழையக்கூடாது. களக்காட்டு மண்ணுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது.

பத்து ஆண்டு விதியைப் பற்றி உங்கள் மைத்துனர் கவலைப்பட வேண்டியதில்லை. பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்ற தடை, பசுமைத் தீர்ப்பாயமும் பின்னர் 2018 இல் உச்ச நீதிமன்றமும் டெல்லி தலைநகர்ப் பகுதிக்காகச் சொன்னவை. தமிழ்நாட்டில் டீசல் காருக்கும் பதினைந்து ஆண்டுப் பதிவு, அதன் பிறகு தகுதிச் சான்றுடன் புதுப்பிப்பு உண்டு.

ஓடையில் இறங்குவதைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரமெல்லாம் வெள்ளத்தில் நின்றபோது, டீசல் வண்டிக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று நம்பி இறக்கியவர்கள் இருந்தார்கள். ஸ்பார்க் பிளக் இல்லை என்பது உண்மை. ஆனால் காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் இரண்டு என்ஜினிலும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், அழுத்தம் அதிகம் என்பதால் டீசலில் சேதம் இன்னும் கூடும். வாங்கும் முன்பு பானட்டைத் திறந்து, அந்தக் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஓடை அதற்கு மேல் ஓடும் நாளில் தோட்டத்திற்குப் போக வேண்டாம்.

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பெற்றோரை விட்டுவிட்டுச் சிறிய வண்டி வாங்க மனமில்லாததால் டீசல் பக்கமே முடிவு சாய்கிறது. வாரம் ஒரு முறை நான்குவழிச் சாலைக்குப் போவது எங்களுக்குச் சிரமமில்லை, வள்ளியூர்ச் சந்தை வேலையை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. தோட்டத்தில் டிராக்டருக்காகக் கேனில் வாங்கி வைத்திருக்கும் டீசலை அவசரத்திற்கு இதில் ஊற்றலாமா? வடிகட்டியில் எரிப்பு நடக்கும்போது தோட்டத்திற்குள் நிறுத்த நேர்ந்தால் ஏதேனும் ஆபத்து உண்டா?

பாளை பணிமனை எழுதியது:

கேன் டீசலைத் தயவுசெய்து ஊற்ற வேண்டாம் அண்ணாச்சி. பழைய டிராக்டர் பம்பு கொஞ்சம் தூசியையும் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். புதிய கார்களின் காமன் ரெயில் அமைப்பில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தப்பட்டு, முடியிழை போன்ற துளைகள் வழியாகப் பாய்கிறது. மழைக்காலத்தில் கேனின் உட்புறம் வியர்த்து அடியில் தேங்கும் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனாலும் இன்ஜெக்டர் துருப்பிடிக்கும். நான்கையும் மாற்றினால் செலவு லட்சத்தைத் தொடும். பம்பிலேயே நிரப்புங்கள், டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள தண்ணீர் பிரிப்பானை ஒவ்வொரு சர்வீசிலும் திறந்து வடிக்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றும்போது, வடிகட்டி உள்ள என்ஜினுக்கென்று கையேட்டில் குறிப்பிட்டிருக்கும், சாம்பல் குறைந்த ரகத்தை மட்டுமே ஊற்ற வேண்டும். வேறு ஆயிலின் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் எடுக்கும் மாடலில், புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலான ஆட்புளூவுக்கு டேங்க் இருந்தால் அதையும் காலியாக விடக்கூடாது, தீர்ந்துபோனால் மறுமுறை என்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. எரிப்பு நடக்கும்போது ஐடிலிங் சுற்று சற்றே உயரும், ரேடியேட்டர் விசிறி பலமாக ஓடும், புகைக்குழாய்ப் பக்கம் காந்தல் வாடை வரும். அந்த நேரத்தில் வண்டியின் அடிப்பகுதி மிகவும் சூடாக இருக்கும் என்பதால், பங்குனி, சித்திரையில் காய்ந்த புல்லின் மேலும் வாழைச் சருகின் மேலும் நிறுத்தக்கூடாது. தோட்டத்தில் நாலு சக்கரம் நிற்கும் அளவுக்கு ஓர் இடத்தைச் செதுக்கி, சரளை கொட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தெரிந்தால் முடிந்தவரை அணைக்காமல், திரும்பி ரோட்டுக்கு ஏறி எரிப்பு முடியும் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.