சிக்னல் இல்லை, ஒப்பந்தத்தைப் பாதியில் முடிக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனும் இணைப்பும் சேர்த்து எடுத்து எட்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் குறையில்லை. அப்புறம் வீட்டுக்குள் சிக்னல் படுத்துவிட்டது. அழைப்பு வந்தால் மொட்டைமாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது, மழை நாளில் குடையோடு.

போன் அமைப்பில் பார்த்தால் சிக்னல் வலிமை −118 டிபிஎம் காட்டுகிறது. −90 அளவில் இருந்தால் நிம்மதியாகப் பேசலாம். என் சிம்மைத் தங்கை போனில் போட்டாலும் இதே கதைதான். வேறு நிறுவனத்தின் சிம் என் போனில் நன்றாக எடுக்கிறது. ஆக, கோளாறு போனில் இல்லை.

வாடிக்கையாளர் சேவையில், "அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்றார்கள். நான்காவது முறை, வைஃபை காலிங் (வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதி) போடச் சொன்னார்கள். சரி, வைஃபை போனால்? விலகுவதென்றால் மீதி மாதங்களின் கட்டணம் முழுவதும் கட்ட வேண்டுமாம். போனுக்கான தவணையைக் கட்ட நான் தயார். கிடைக்காத சேவைக்கு எதற்குப் பணம்?

அவர்களுடைய சிக்னல் வரைபடத்தில் எங்கள் தெரு பளிச்சென்று இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் 'கட்டடத்துக்கு வெளியே' என்று போட்டிருக்கிறார்கள்!

அபராதம் இல்லாமல் யாராவது வெளியே வந்திருக்கிறீர்களா? புகாரை எழுத்தில் கொடுத்தபோது என்னென்ன ஆதாரம் சேர்த்தீர்கள்? ஸ்கிரீன்ஷாட்டும் புகார் எண்களும் வைத்திருக்கிறேன். எண்ணை இழக்காமல் மாறவும் வேண்டும், முதலில் ரத்தா, போர்ட்டா (அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவது)?