1991 யூனோஸ் ரோட்ஸ்டர்: புது மோட்டர் போட்டும் கண்ணாடி ஏற 9 செக்கன்

ஹரோ_ரோட்ஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒண்டு நிக்குது. மஸ்டா எம்எக்ஸ்-5தான், ஜப்பானில வித்த பேர் யூனோஸ். 1.6 எஞ்சின். அங்க ஓடி இங்க வந்திறங்கின கார். ஸ்டியரிங் வலப்பக்கம் எண்டதால லண்டனுக்குக் கரைச்சல் இல்லை.

கரைச்சல் கண்ணாடியாலதான். சுவிச்சை அமத்தினா ட்ரைவர் பக்கம் ஏற 11 செக்கன், ஃபோனில வச்சுப் பாத்தனான். இறங்க 5. கடைசி நாலு விரற்கடைக்குக் கையால பிடிச்சுத் தூக்கிவிட வேணும். போன மாசம் கார் பார்க்கில ரிக்கெற் எடுக்க இறக்கினன், அந்த நேரம் பாத்து மழை. கண்ணாடி ஏறி முடியிறதுக்குள்ள வலக்கை தோள்மட்டும் நனைஞ்சுபோச்சு. பக்கத்தில இருந்த மனிசி சொன்னதை இங்க எழுதேலாது.

கராஜ் ஒண்டில காட்டினன். கதவைக் கழட்டிப் பாக்காமலே "மோட்டர் போச்சு" எண்டிட்டினம். மோட்டரும் கூலியுமா 210 பவுண். இப்ப 9 செக்கன். 210 பவுணுக்கு ரெண்டு செக்கன்! ரப்பருக்கு டபிள்யூடி-40 ஸ்பிறே அடிச்சும் பாத்தன், ரெண்டு நாள் நல்லா இருந்துது, பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். இடப்பக்கமும் இதே கதை, கொஞ்சம் பரவாயில்லை. இனி என்னத்தைப் பாக்கிறது?

கொவென்ட்ரி_வயர்மேன்:

அண்ணா, மோட்டர் வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா காசு மிச்சம். பரவால்ல, விடுங்க.

மோட்டர் நல்லா இருந்தும் கண்ணாடி மெதுவா ஏறுதுன்னா ரெண்டே காரணம்தான். மோட்டருக்குக் கரண்ட் சரியா போகல, இல்ல மோட்டர் இழுக்க முடியாத அளவுக்கு எங்கயோ இறுகிக் கிடக்கு. முப்பது வருஷ வண்டியில பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால முதல்ல பிரிச்சுப் பாருங்க. கதவோட உள்பலகையைக் கழட்டி, கண்ணாடியை மேல ஏத்தி டேப் போட்டு ஒட்டிட்டு, கீழ தூக்கியோட (கண்ணாடியை ஏத்தி இறக்கற பொறி) சேர்த்திருக்கிற போல்ட்டைக் கழட்டிடுங்க. இப்ப மோட்டர் வெறும் தூக்கியை எவ்வளவு வேகமா ஓட்டுதுன்னு பாருங்க. விரலை உள்ள விடாதீங்க, இதுல எஃகுக் கம்பிவடம் ஓடுது, பல்சக்கரக் கை கிடையாது.

அடுத்து, கண்ணாடியைத் திரும்ப மாட்டி, அது ஏறிட்டிருக்கும்போதே மோட்டர் பிளக்ல வோல்ட் பாருங்க. பிளக்கைக் கழட்டி வெச்சு ஸ்விட்சை அமுக்கிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, 12-க்கு மேல காட்டி ஏமாத்தும். கரண்ட் ஓடினாத்தான் எங்க தின்னுதுன்னு தெரியும்.

இன்னொண்ணு. இந்த மாடல்ல பேட்டரி டிக்கியில இருக்கு. அங்கேருந்து முன்னாடி ஃபியூஸ் பெட்டிக்கு வந்து, திரும்ப நடுவுல ஸ்விட்சுக்கு வந்து, அப்புறம்தான் கதவுக்குப் போகுது. மோட்டரோட மொத்தக் கரண்டும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாத்தான். போறது மட்டுமில்ல, திரும்பி எர்த்துக்கு வர்றதும் அதே ஸ்விட்ச் வழியாத்தான். எல்லாரும் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு எர்த்தை மறந்துடுவாங்க.

ஸ்காபரோ_மாமா:

தம்பி சொன்னதுதான் சரி. நான் ரொறொன்ரோவில 1990 மியாட்டா (எம்எக்ஸ்-5க்கு இங்கத்தைப் பேர்) வச்சிருக்கிறன், இங்கத்தைக் குளிரில நவம்பர் தொடக்கம் ஏப்ரல்மட்டும் அது கராஜுக்குள்ள நித்திரை. வசந்தத்தில வெளிய எடுத்தா கண்ணாடி அசையாது. திறந்து பாத்தா வடம் சுத்துற உருளையில கிறீஸ் மெழுகுதிரி மாதிரி இறுகிக் கிடந்துது. வழிச்செடுத்துப்போட்டு வெள்ளை லித்தியம் கிறீஸ் பூசினன்.

கண்ணாடி ஓடுற தடத்துக்குள்ள கிறீஸ் வைக்காதேங்கோ. மண்ணை ஒட்டிப்பிடிச்சு அரத்தாள் மாதிரி ஆக்கிப்போடும். அதுக்குச் சிலிக்கோன் ஸ்பிறேதான். டபிள்யூடி-40 ஊத்தையைக் கரைச்சு உள்ளுக்குள்ள விடும், காய்ஞ்ச பிறகு வழுக்காது. உமக்கு ரெண்டு நாள் மட்டும் நல்லா இருந்ததும் அதாலதான்.

வடத்தின்ர நுனியில இருக்கிற பிளாஸ்ரிக் புஷ்ஷையும் (சின்ன வளையம்) பாரும். இந்தக் கார்களில அது வெடிக்கிறது வழமை.

ஹரோ_ரோட்ஸ்டர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதோடதான்.

கண்ணாடி இல்லாமல் தூக்கி 3 செக்கனில போச்சு, அப்ப மோட்டரில பிழை இல்லை (பழைய மோட்டரிலயும் இருந்திராது, அதை நினைக்கத்தான் வயிறு எரியுது). முன் தடத்துக்குள்ள பழுப்பு நிறத்தில ஒரு களி, ஐஸ்கிறீம் குச்சியாலதான் சுரண்டி எடுத்தன். புஷ் நல்லா இருக்கு.

மீற்றர் கதை இதுதான். எஞ்சின் ஓடாமல் பற்றரியில 12.5 வோல்ற். கண்ணாடி ஏறேக்க மோட்டர் பிளக்கில 9.1. காணாமல் போன 3.4-ஐத் தேடினன். சுவிச்சின்ர பாசிற்றிவ் பக்கம் 1.6, அதே சுவிச்சில எர்த் பக்கம் 0.9, மிச்சம் வயரிலயும் பிளக்குகளிலயும். தம்பி, எர்த்தை நீங்கள் சொல்லாட்டி நான் பாத்திருக்கவே மாட்டன்.

கியருக்குப் பின்னால இருக்கிற அந்த நடுப்பெட்டியைக் கழட்டிச் சுவிச்சைத் திறந்தன். கூரை திறக்கிற கார், முப்பது வருசத்தில எத்தினை பேரின்ர கோப்பியும் மழையும் அதுக்குள்ள போயிருக்குமோ. செப்புத் தொடுமுனை எல்லாம் கரிக்கட்டை. 1200 நம்பர் அரத்தாளால மெதுவாத் தேய்ச்சு, கொன்ராக்ற் கிளீனர் அடிச்சுப் பூட்டினன். சின்னச் சுருள் ஒண்டு பறந்து சீற்றுக்குக் கீழ போய், அதைத் தேட அரை மணித்தியாலம்.

இப்ப மோட்டரில 11.1 வோல்ற். ஏற 4 செக்கன், எஞ்சின் ஓடினா அதிலும் சுறுக்கு. கை வைக்கத் தேவையில்லை.

கொவென்ட்ரி_வயர்மேன்:

சூப்பர்ண்ணா. ஆனா அந்தத் தொடுமுனை மேல இருந்த பூச்சு போயிருக்கும், திரும்பவும் கரி பிடிக்கும். நிரந்தரமா வேணும்னா ரிலே (சின்னக் கரண்டை வெச்சுப் பெரிய கரண்டைத் திறந்து மூடற ஸ்விட்ச்) போடுங்க. ஒரு கண்ணாடிக்கு ரெண்டு, ஐந்து கால் ரிலே. கால்ல இருக்கிற நம்பர்படி 30-ஐ மோட்டருக்கு, 87-ஐ ஃபியூஸ் வழியா பேட்டரிக்கு, 87ஏ-வை எர்த்துக்கு. ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கினாப் போதும்.

ஸ்காபரோ_மாமா:

நாலு ரிலேயை அந்தச் சின்னக் காருக்குள்ள எங்க ஒளிக்கிறது? நான் சுவிச்சைத் துடைச்சு ஆறு வருசம், இன்னும் ஓடுது.

ஹரோ_ரோட்ஸ்டர்:

நானும் மாமா கட்சிதான், காரில புது வயர் இழுக்க மனம் வரேல்லை. திரும்பக் கரி பிடிச்சாப் பாப்பம். அடுத்த ஞாயிறு இடப்பக்கக் கதவு. ஐஸ்கிறீம் குச்சி வச்சிருக்கிறன்.